கேட் திருப்பத்தில் நின்ற நந்தியாவட்டை

ஐம்பத்து நாலு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவளுக்கு எதிரே யாரும் வந்து நிற்கக் கூடாது. எனக்கு எதிரே ஒரு நந்தியாவட்டைச் செடி நின்றது. அதுவும் எங்கள் வீட்டு கேட்டுக்குள் கார் திரும்பியாக வேண்டிய அதே மூலையில், மதில் சுவரோரமாக, தண்ணீர் மீட்டர் பெட்டிக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கைகளை நாலாபக்கமும் விரித்துக்கொண்டு நின்றது.

லைசென்ஸ் வாங்கிய கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. இந்த ஊரில் கார் லைசென்ஸ் வேண்டுமென்றால் 'எச்' எடுக்க வேண்டும். மைதானத்தில் கம்பிகளை நட்டு, எச் எழுத்தின் வடிவத்தில் வழி விட்டிருப்பார்கள். ஒரு கம்பியும் விழாமல் முன்னாலும் பின்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு தடவை கம்பியைத் தட்டிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாம் தடவை ஒரு கம்பிகூட அசையவில்லை. எனக்கு அந்த மைதானத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. புடவை கட்டியிருந்ததால் குதிக்கவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "கொள்ளாம்" என்றார். நல்லது என்று அர்த்தம். எங்கள் பூர்வீகம் திருநெல்வேலி என்றாலும் தலைமுறைகளாகத் திருவனந்தபுரத்தில் இருந்து எங்கள் தமிழில் பாதி மலையாளமாகிவிட்டது. ஆனால் அந்த 'கொள்ளாம்' எந்த மொழியிலும் சந்தோஷமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

எனக்குக் கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். ஹைவேயில் நெரிசல் ஏற்பட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பாதி வாழ்க்கை போய்விடும். கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வெளியூருக்கு மாற்றலாகிப் போகிறாள். தன் சின்னக் காரை எனக்கே தருவதாகச் சொல்லியிருந்தாள். ஒரு திங்கட்கிழமை என்னிடம் வந்து, வருகிற ஞாயிறு சாயங்காலத்துக்குள் காரை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், மறுநாள் காலை நான் ஊரைவிட்டுக் கிளம்புகிறேன், இல்லையென்றால் காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றாள். எடுக்காமல் இருப்பேனா!

எங்கள் சந்தோ மிகவும் குறுகல். அதில் ஒரு கார் நின்றால் ஆட்டோ போகாது, குப்பை வண்டி போகாது. ஆகவே கார் வீட்டுக்குள் வர வேண்டும், அல்லது வரவே கூடாது. அன்று மத்தியானம் அவளுடைய அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போய், துணி காயப்போடும் நைலான் கயிற்றால் காரின் அகலத்தை அளந்தேன். முடிச்சுப் போட்டுக் கைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, செருப்பைக்கூடக் கழற்றாமல், கேட்டுக்குள் கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். நேரே போக முடியாது, எதிரே வாசற்படி. உடனே இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்தில் என் முடிச்சு செடியின் வயிற்றுக்குள் போய் நின்றது.

"ன்னா, இந்த நந்தியாவட்டையை எடுத்துடலாம்" என்றேன்.

அவர் வாசலுக்கு வந்து செடியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதெப்படி? அங்க நிர்மால்யம் கொட்டியிருக்கே. சக்கரம் ஏறலாமா?" என்றார்.

நிர்மால்யம் என்றால் சுவாமிக்குச் சாத்தி எடுத்த பூ. அதைக் கால் படுகிற இடத்தில் போடக் கூடாது. குப்பையோடும் போடக் கூடாது. யாரும் மிதிக்காத ஒரு செடியின் அடியில் போட வேண்டும். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் காலையில் பூஜை முடித்துவிட்டு, முதல் நாள் பூவை அந்த மூலையில்தான் கொண்டுபோய்க் கொட்டுவார். மனுஷர் கால் வைக்க முடியாத இடம் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு டீச்சர் மதிலுக்கு மேலாகக் கையை நீட்டித் தன் வீட்டுப் பூவையும் அங்கேயே போடுவார். ரிடையர் ஆகிப் பல வருஷமாகியும் சந்தில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். கண்ணாடி உடைந்த சுவாமி படம், கோயிலில் சந்தனம் மடித்துக் கொடுத்த வாழையிலைத் துண்டு, கற்பூர டப்பா, எல்லாம் அங்கே சேரும். இவ்வளவையும் தின்றுதான் செடி அப்படிக் கொழுத்துப் போயிருந்தது.

"சரி, அந்த மண்ணையே அள்ளி வேற எங்கேயாவது போட்டுடறேன். நாளைக்கே" என்றேன்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. மண்ணைத் தோண்டப்படாது" என்று உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். ஆனால் அன்று எனக்கிருந்த குஷியில் கோபம்கூட ஒட்டவில்லை. படுக்கையில் கண்ணை மூடினால் நான் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலையிலேயே சந்துக் கோடியில் வீடு கட்டும் இடத்துக்குப் போய் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தென்காசிப் பக்கத்துக்காரர், கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஜோராக வந்தார். கிளையை ஒதுக்கிவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தார். குங்குமம் தெரிந்தது. காய்ந்த மாலை தெரிந்தது. பாதிச் சட்டத்துக்குள்ளிருந்து முருகன் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்தவர் சட்டென்று பின்னால் நகர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"யக்கா, சாமி இருக்க எடத்துல எப்படிக்கா கடப்பாரையப் போடச் சொல்லுதீங்க?"

"சாமியெல்லாம் இல்லப்பா. பழைய பூ, அவ்வளவுதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ. எனக்குப் புள்ளகுட்டி இருக்குக்கா" என்றவர், பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துச் செடியடியில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் கணவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் வருத்தம் இருக்கவில்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து திரும்பி வந்தால், செடியடியில் ஒரு அகல்விளக்கு எரிகிறது! டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்மூடி நிற்கிறார். வேலைக்கு வந்த ஆளிடம் விசாரித்திருக்கிறார்.

"இவிடெ ஏதோ ஸான்னித்யம் உண்டு கேட்டோ" என்றார் குரலைத் தாழ்த்தி. இங்கே ஏதோ தெய்வம் குடியிருக்கிறதாம். "அது முறிக்கல்லே. தோஷம் வரும்." வெட்டக் கூடாதாம்.

"டீச்சரே, அந்த ஸான்னித்யத்தில் பாதி நீங்கள் போட்ட பூதான்" என்றேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நாமம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை நிலைமை முற்றிவிட்டது. சந்து வழியாகப் போன முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் கேட்டருகில் நடையைத் தளர்த்தி, நெஞ்சில் கையை வைத்துவிட்டுப் போனார். யாரோ கேட் கம்பியில் ஒரு முழம் பிச்சிப்பூ தொங்கவிட்டிருந்தார்கள். இப்படியே விட்டால் அடுத்த வாரம் ஒரு உண்டியல் வரும், அப்புறம் மேலே ஒரு ஓட்டுக்கூரை வரும், நான் ஆயுசுக்கும் இரண்டு பஸ் மாறிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமையும் மண் வெட்டக் கூடாது என்று என் கணவர் பஞ்சாங்கத்தோடு வந்து சொன்னார். அன்று ராத்திரி தோசையை மிகவும் ரசித்துச் சாப்பிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை காலை காப்பி குடித்த கையோடு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். என் உடம்புக்குக் கடப்பாரை ஒன்றும் பாரமில்லை. அவர் பின்னாலேயே வந்தார், கையில் பஞ்சாங்கம்.

"இன்னிக்கு ஒன்பது மணியிலேர்ந்து..."

"பஞ்சாங்கத்தை மூடுங்கோ."

மூடிவிட்டார். நானே எதிர்பார்க்கவில்லை.

"அந்த மண்ணு முழுக்கப் பின்பக்கம் தென்னைமரத்தடிக்குக் கொண்டுபோறேன். அங்க சக்கரமும் வராது, காலும் படாது. இப்பச் சொல்லுங்கோ, வேற என்ன தடை?"

அவர் செடியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளினார். பால் வடிந்தது. அதை விரலில் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தடை செடியிலே இல்லை. அந்த ஹைவேயிலே நீ தனியாப் போறதை நெனச்சா எனக்குக் கையெல்லாம் ஜில்லுனு ஆயிடறது. பஸ்ஸுல போய் நேரமாச்சுன்னா, பஸ் லேட்டுன்னு நெனச்சுப்பேன். கார்ல போய் நேரமாச்சுன்னா நான் என்னன்னு நெனைக்கறது?"

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுஷர் இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒரு செடியையும் முருகனையும் செவ்வாய்க்கிழமையையும் துணைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டாம். ஓட்டாதே என்று என்னிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. எனக்கு அவர்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் பிரியத்துக்காகக் காரை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

"பயப்படுங்கோ. வேண்டாம்னு சொல்லலை. ஆனா மண்வெட்டியைக் கையிலே பிடிச்சுண்டு பயப்படுங்கோ" என்றேன்.

அவர் உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்தார். செடியடியில் அதை ஊற்றி, ஒரு கிளையைத் தொட்டுக்கொண்டு, "கோச்சுக்காதே, எங்களுக்கு வேற வழியில்லை" என்று செடியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு வெட்டுக்கத்தியை என்னிடம் நீட்டினார்.

அப்பா, அன்று நாங்கள் செய்த வேலை! முதலில் கிளைகளைக் கழித்தேன். பால் வடிந்து கைவிரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கூடையில் அவர் மண்ணை அள்ளினார். கறுகறுவென்று, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்கிற மண். புழு நெளிந்தது, மாலை கட்டிய வாழைநார் வந்தது, சட்டத்தின் ஆணி வந்தது. முருகனை அவர் வேட்டி நுனியால் துடைத்துத் தனியே வைத்தார். கூடை கூடையாகத் தென்னைமரத்தடிக்குப் போயிற்று.

டீச்சர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "அய்யோ!" என்றார்.

நான் முன்னமே யோசித்து வைத்திருந்தேன். "டீச்சரே, தெய்வம் இந்த மண்ணில் இருக்கிறதென்றால் மண்ணோடு உங்கள் வீட்டுக்கே வரட்டுமே. இதோ ஒரு கூடை. ஒரு கிளையும் தருகிறேன், நட்டுக்கொள்ளுங்கள்" என்றேன்.

டீச்சர் கூடையை எட்டிப் பார்த்தார். "ரெண்டு கொம்பு தரணே" என்றார். இரண்டு கிளையும் மண்ணும் மதில் தாண்டிப் போயின. நாணயத்தையும் அகல்விளக்கையும்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சங்கடம். அடிமரம் அசைந்தது, ஆனால் வரவில்லை. குனிந்து பார்த்தால் ஒரு தடித்த வேர், மீட்டரிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு மதிலுக்கடியில் போகிறது. கடப்பாரையைப் போட்டால் குழாய் உடைந்து வீட்டுக்குத் தண்ணீர் நின்றுவிடும். ரம்பத்தை உள்ளே விட்டு அறுக்கலாம், ஆனால் மீட்டர் பெட்டிக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒரு ஆள் படுத்து நுழைய வேண்டும். நான் ஒரு தோளை உள்ளே விட்டுப் பார்த்தேன். மற்றது வெளியே நின்றுவிட்டது.

"நகரு" என்றார் என் கணவர்.

அவர் ஒல்லி. எத்தனை போட்டாலும் உடம்பில் ஒட்டாது. ஈர மண்ணில் மல்லாந்து படுத்து, இடுக்குக்குள் தலையையும் கைகளையும் விட்டு, ஹாக்சா ரம்பத்தின் பிளேடால் வேரை அறுக்கத் தொடங்கினார். மூக்கின் மேல் மண் விழுந்தது. நான் வெளியே உட்கார்ந்து டார்ச் பிடித்தேன்.

"குழாய்! குழாயைப் பாருங்கோ!"

"பாத்துண்டுதான் இருக்கேன். கத்தாதே."

"அந்தப் பக்கமா, இன்னும் கொஞ்சம்... ஆ, அங்கதான்!"

"நீ கார் ஓட்டறச்சே நானும் இப்படித்தான் பக்கத்துல உக்காந்து கத்துவேன், ஞாபகம் வெச்சுக்கோ" என்றது இடுக்குக்குள்ளிருந்து குரல். நான் சிரித்த சிரிப்பில் டார்ச் வெளிச்சம் எங்கேயோ போய்விட்டது.

வேர் பட்டென்று அறுந்தது. அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். இருவரும் அடிமரத்தில் கயிற்றைக் கட்டினோம். அளவெடுத்த அதே நைலான் கயிறு போதவில்லை, கொல்லைக் கிணற்றின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். ஒன்று, இரண்டு என்று அவர் சொல்ல, நான் இழுக்க, மண் விரிந்து, அடியில் என்னவோ கிழிகிற சத்தம் கேட்டது. அடுத்த இழுப்பில் மொத்தமும் பெயர்ந்து வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் வாசற்படி மேல் பின்பக்கமாக விழுந்தோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அவர் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே அந்த வெறும் மூலையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை. குழாய் சொட்டவில்லை. கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். முடிச்சு காற்றில் நின்றது!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழக்கூட்டத்துக்குப் பஸ் ஏறினேன். அவர் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கூப்பிடவில்லை. சாவியை வாங்கி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, ஹைவேயில் ஏறினேன். இரண்டு பக்கமும் லாரிகள். ஒரு கேஎஸ்ஆர்டிசி பஸ் என் பின்னால் வந்து ஹாரனால் திட்டியது. அன்று மத்தியானம்வரை அதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். "போடா" என்று சத்தமாகவே சொன்னேன். கண்ணாடி ஏற்றியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. வழியெல்லாம் வாய் தானாகச் சிரித்துக்கொண்டே வந்தது. யாராவது பார்த்திருந்தால் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

சந்துக்குள் திரும்பினால், கேட்டை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு அவர் நடுவில் நிற்கிறார். பக்கத்தில் டீச்சர். "நீங்கள் போயது முதல் ஸார் இவிடெத்தன்னெ நில்க்குவா" என்றார். நான் போன நேரத்திலிருந்து அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தாராம். என் கணவர் கேட் முன்னால் காரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். இடுப்பிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துக் குனிந்து டயர்களுக்கடியில் வைத்தார்.

"வா, வா, இடது பக்கம் ஒடி. ஒடி! மதி, மதி! போதும்!"

பழங்கள் நசுங்கின. கார் திரும்பியது. கண்ணாடியை மடக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. செடி நின்ற இடத்தில் என் முன்சக்கரம் ஏறி, மீட்டர் பெட்டியைத் தாண்டி, படிக்கட்டின் பக்கத்தில் நின்றது. டீச்சர் கை தட்டினார். நான் இறங்காமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு சந்தோஷம். என் கணவர் ஜன்னலுக்கு வந்து, என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்க் கேட்டைச் சாத்தினார்.

திங்கட்கிழமை காலை நான் கைப்பையோடு வெளியே வந்தபோது, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பெல்ட் மாட்டியிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "கழக்கூட்டத்துக்கு" என்றார். வழி முழுக்க ஒரு வார்த்தை கத்தவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆபீஸ் வாசலில் இறங்கி, திரும்பிப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று என்னிடம் விசாரித்தார். நடைமேம்பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்று கை காட்டினேன். நாலடி நடந்தவர் திரும்பி வந்து கார் ஜன்னலில் குனிந்தார்.

"சாயங்காலம் நான் எத்தனை மணிக்கு வரட்டும்?"